செருப்பு ஓர்க்கிட் சாவது வெயிலால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வார இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் செருப்பு ஓர்க்கிட் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இந்தப் பூவைப் பற்றித் தமிழில் எழுதவும் ஆள் இருக்கிறதே என்று சந்தோஷம்தான், படமும் நல்ல வடிவு. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த அறிவுரைகளில் பாதி யாழ்ப்பாணத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. தெற்குப் பக்க யன்னலில் வைக்க வேண்டுமாம், குளிர்காலத்தில் இரவு வெப்பநிலையைப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறக்க வேண்டுமாம், வீட்டுக்குள் ஹீட்டர் போடுகிற மாதங்களில் காற்றின் ஈரப்பதனைக் கவனிக்க வேண்டுமாம். கொக்குவிலில் யார் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது? கடைசியில், எங்கள் வெக்கைக்கு இது சரிவராது, மலைநாட்டில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம் என்று ஒரு தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டிப் போடுவதென்றால் போடுங்கள், தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் இருப்பது கோண்டாவிலில். எங்கள் வீட்டு விறாந்தையில் பல வருடமாகச் செருப்பு ஓர்க்கிட்டுகள் இருக்கின்றன, பூக்கின்றன, இதை எழுதும்போதும் ஒன்று மொட்டோடு நிற்கிறது. ஏசி அறையும் இல்லை, கண்ணாடி வீடும் இல்லை. வெயில்தான் இந்தச் செடியைக் கொல்கிறது என்று சொல்பவர்கள், செத்த செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்தால் குற்றவாளி கிணற்றுத் தண்ணீர் என்பது தெரிந்துவிடும். சாகாமல் இருந்தும் பூக்காதவை இருக்கின்றனவே, அவை இங்கே பூக்கவே பூக்காத இனங்கள். விவரம் தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதலில் செடியைப் பற்றி. எங்கள் ஊரில் ஓர்க்கிட் என்றால் டென்ரோபியம், மிஞ்சினால் வண்டா. கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டுத் தூக்கிவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும், இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் டென்ரோபியத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதன் தடித்த தண்டுக்குள் தண்ணீர் சேமிப்பில் இருக்கிறது. செருப்பு ஓர்க்கிட்டுக்கு அப்படிச் சேமிக்கிற தண்டே கிடையாது. விசிறிபோல் விரிந்த சில இலைகள், அடியில் மயிர் அடர்ந்த பழுப்பு நிற வேர்கள் கொஞ்சம், அவ்வளவுதான். காட்டில் இவற்றில் பெரும்பாலானவை மரத்தில் தொங்குவதில்லை. நிழலான தரையில் உக்கிய இலைகளுக்குள்ளும் பாறை இடுக்கில் சேர்ந்த மக்கிலும் வேர் விடுபவை. டென்ரோபியம் வளர்த்த கைப்பழக்கத்தில் இதையும் வெறும் கரியில் போட்டுக் கம்பியில் தூக்கினால் சோளகக் காற்றில் ஒரே மாதத்தில் சுருண்டுவிடும். மறுபக்கம், தரையில் வளர்வதுதானே என்று தோட்டத்து மண்ணை நிரப்பி நட்டால் வேருக்குக் காற்று இல்லாமல் அழுகும். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், காற்றும் எப்போதும் ஓட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சாடிக்குள் வைத்திருப்பதுதான் முழு வித்தையும்.

பூவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு ஏன் என்று சொல்லத் தேவையில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே நிமிர்ந்து நிற்கும் அகன்ற இதழ், பெரும்பாலும் வெள்ளை, அதில் அடியிலிருந்து நுனிவரை பச்சையோ ஊதாவோ கோடு கோடாக ஓடும். பக்கவாட்டில் இரண்டு இதழ்கள், ஓரத்தில் கறுத்த மருக்கள், அந்த மருக்களிலிருந்து கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரியும் மெல்லிய மயிர்கள். நடுவில் மினுமினுக்கும் ஒரு சிறு கவசம், அதற்குக் கீழே செருப்பின் முன்பக்கம் போல ஒரு பை, பெயர் வந்ததே அதனால்தான். பை உண்மையில் ஒரு பொறி. பூக்களைச் சுற்றி வட்டமிடும் சிறு ஈக்கள் ஏமாந்து உள்ளே விழும், உட்சுவர் வழுக்கும், பின்பக்கம் இருக்கும் மயிர்வரிசையைப் பிடித்து ஏறினால் மட்டும் வெளியே வரலாம், அந்த வழியோ சூலகமுடிக்கும் மகரந்தத்துக்கும் அடியால்தான் போகிறது. ஈக்குத் தேன் ஒரு துளியும் கிடையாது. போர்னியோவின் கினபாலு மலைப்பக்கம் வளரும் ரொத்ஸ்சைல்டியானம் என்ற இனம் இன்னும் மோசம். அசுவினிப் பூச்சிக் கூட்டம் இருப்பதுபோல் வேஷம் காட்டுவதால், ஈ அங்கே முட்டையும் இட்டுவிட்டுப் போய்விடுகிறது, பொரித்து வரும் குஞ்சுகளுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. இவ்வளவு வடிவான பூவுக்கு இவ்வளவு கள்ளத்தனம்.

சரி, எந்த இனம்? வீட்டில் வளர்க்கிற செருப்பு ஓர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை பாபியோபெடிலம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்சீனம், தாய்லாந்து, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று சொலமன் தீவுகள் வரை பரவியிருக்கின்றன. இலங்கைக் காடுகளில் இவை இயற்கையாக ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கிட்ட இருப்பது அகத்தியர் மலையில் வளரும் துரூரி. மஞ்சள் பூ, நடுவே கரும்பழுப்புக் கோடு. 1865இல் ஹீபர் துரூரி என்ற வெள்ளைக்கார இராணுவ அதிகாரி கண்டெடுத்ததால் அந்தப் பெயர். சேகரிப்பாளர்கள் அள்ளி அள்ளி, இன்று காட்டில் மிக அருகிப்போன செடி. பொதிகையில் இருப்பது நமக்குச் சரிவராதா என்று ஆசை வரும், வராது. அது ஆயிரத்து நானூறு மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்வது.

கட்டுரை எழுதியவர் விட்ட இடம் இதுதான். அவர் சொன்ன பத்துப் பாகைக் குளிர் எல்லாச் செருப்பு ஓர்க்கிட்டுக்கும் வேண்டியதில்லை. மேகாலயப் பக்கத்து இன்சிக்னே, இமயத்தின் கிழக்கு முனையிலும் பர்மா மலைகளிலும் வளரும் வில்லோசம் போன்றவை, ஒடுங்கிய வெறும் பச்சை இலையும் ஒற்றைப் பூவுமாக இருப்பவை, இரவுக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை விடியற்காலையிலும் இருபத்திரண்டு பாகை அளவில்தான் நிற்கிறது, ஆகவே அவை இங்கே இலைவிட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டம் கட்டமாகப் படர்ந்திருக்கிற வகைகள் பெரும்பாலும் வெக்கை தாங்குபவை. தாய்லாந்துப் பக்கத்துக் கலோசம், அதையும் போர்னியோவின் லோரன்சியானத்தையும் சேர்த்து இங்கிலாந்தில் உருவாக்கி 1900இல் பெயர் பதிந்த மௌடியே, அந்த மௌடியே வழிவந்த நூற்றுக்கணக்கான கலப்பினங்கள், இவைதான் புதிதாகத் தொடங்குபவருக்கு. லங்காவித் தீவிலும் தென்தாய்லாந்தின் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளிலும் கடலுக்குக் கிட்டவே வளரும் வெள்ளை நிவியம் எங்கள் காலநிலைக்காகவே பிறந்ததுபோல் இருக்கும், பிலிப்பினென்ஸ் என்பதும் கடற்கரைப் பாறைச் செடிதான், ஒரு தண்டில் நாலைந்து பூ, முறுக்கிய நீண்ட இதழ்கள், ஆனால் பெரிதாக வளரும், பூக்கப் பல வருடம் எடுக்கும், வெளிச்சமும் கூடக் கேட்கும். பொறுமை இல்லாதவர்கள் பினோக்கியோ என்ற கலப்பினத்தைத் தேடலாம், ஒரே தண்டில் ஒன்று விழ அடுத்தது என்று மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே போகும். ஒரு எச்சரிக்கை: இலையில் கட்டம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. சீனத்து மஞ்சள் அர்மேனியாக்கத்துக்கும் கட்டம் போட்ட இலைதான், ஆனால் அதற்குக் குளிர்காலம் வேண்டும். பெயர் தெரியாமல் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனித் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கட்டியை எல்லாரும் பார்த்திருப்போம். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் அதோடு கடல் உப்பும் சேரும். வலிகாமத்துச் செம்மண் பக்கம் தண்ணீர் குடிக்க இனிக்கும், ஆனால் தோட்டங்களில் ஆண்டாண்டாகக் கொட்டிய உரமும் மலகூடக் குழிகளும் சேர்ந்து நைத்திரேற்றை ஏற்றி வைத்திருக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. இந்தத் தண்ணீரில் வெங்காயம் வரும், வாழை வரும், மிளகாய் வரும். செருப்பு ஓர்க்கிட்டின் வேர் வேறு சாதி. ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கைச் செடி குடிக்கும், ஒரு பங்கு வெக்கையில் ஆவியாகும், உப்பு முழுதும் சாடிக்குள்ளேயே தங்கும், அடுத்த நாள் ஊற்றுவதில் இன்னும் கொஞ்சம் சேரும். சில மாதத்தில் வேர்நுனி கறுக்கும், பிறகு இலைநுனி பழுப்பாகும். அதைப் பார்த்ததும் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

அண்மையில் அயலில் ஒருவர் வாடிய செடியொன்றைக் கொண்டுவந்தார், வெயில் சுட்டுவிட்டது என்று. இலையில் சுட்ட தழும்பு ஒன்றும் இல்லை. சாடி விளிம்பிலும் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளின் முனைகளிலும் வெள்ளைப் பொருக்கு. கவிழ்த்துத் தட்டி எடுத்து ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், மேல்தோல் முழுதும் ஈரமாக வழுகிக் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கியது. அதுதான் செத்த வேர். நல்ல வேர் என்றால் அமத்தினால் விறைப்பாக இருக்கும், நுனி வெண்மஞ்சளாக ஈரப் பளபளப்போடு நிற்கும். அவருடைய கிணற்றுத் தண்ணீரில் பேனை மாதிரி இருக்கும், கரைந்த உப்பை அளக்கிற ரிடிஎஸ் கருவியை வைத்தால் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. இந்தச் செடிக்கு இருநூறுக்குக் கீழே இருந்தால் நல்லது.

இங்கே ஒரு கேள்வி வரும். நிவியம் போன்றவை சுண்ணாம்புப் பாறையில் வளர்பவை என்று நானே சொன்னேன், அப்படியென்றால் சுண்ணாம்புத் தண்ணீர் ஏன் ஆகாது? பாறை சுண்ணாம்புதான். ஆனால் அதன்மேல் விழுவது மழைத்தண்ணீர், அதுவும் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். வேர் இருப்பது இடுக்கில் சேர்ந்த இலைமக்கில். கல்லிலிருந்து கல்சியம் மெல்ல மெல்லக் கசிந்து வருவதும், வாளியோடு உப்பையும் நைத்திரேற்றையும் சேர்த்து ஊற்றுவதும் ஒன்றல்ல. அந்த இனங்களுக்குச் சாடியில் உடைத்த சிப்பி ஓடு ஒரு கரண்டி போட்டால் போதும், கடற்கரையில் பொறுக்கியதென்றால் உப்புப் போகப் பல நாள் மழைநீரில் ஊறவைத்துப் போடுங்கள்.

மழைத்தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து ஒழுங்கைக்கும் ஓடுவது என்ன? ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். பத்துக்குப் பத்தடி ஓட்டுக் கூரை ஒன்பது சதுர மீற்றருக்குச் சற்று மேல், 25 மில்லிமீற்றர் மழை ஒன்று பெய்தால் இருநூறு லீற்றர் பீப்பா நிரம்பி வழியும். நாலங்குலச் சாடி ஒன்றுக்கு ஒரு தடவைக்கு முந்நூறு மில்லிலீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை என்றால் பத்துச் சாடிக்குக் கிழமைக்கு ஆறு லீற்றர். தையிலிருந்து புரட்டாசி வரை மழையே இல்லை என்று வைத்தாலும் இரண்டு பீப்பா தாராளமாகப் போதும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், கூரைத் தூசியும் காகத்தின் எச்சமும் கழுவுப்படட்டும். கறுத்தப் பிளாஸ்ரிக் பீப்பா நல்லது, பாசி பிடிக்காது. புதுச் சீமெந்துத் தாங்கி வேண்டாம், அதுவே சுண்ணாம்பை விடும். மூடி போட்டு அதற்குக் கீழே நுளம்பு வலையும் கட்டிவிடுங்கள், மழை முடிகிற கையோடு டெங்கும் வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பீப்பா வைக்க இடமில்லாதவர்களுக்கு, ஊரெல்லாம் விற்கிற வடிகட்டிய குடிநீர்ப் போத்தல் இருக்கிறது, ஏசி வைத்திருப்பவர் வீட்டுக் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடப் பரவாயில்லை.

வெளிச்சத்துக்கு வருகிறேன். தெற்கு யன்னல் கதை குளிர்நாட்டுக்காரருக்குச் சரி, அவர்களுக்குச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். யாழ்ப்பாணம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில். சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடுகிறது, ஆவணி நடுப்பகுதியில்தான் திரும்ப உச்சிக்கு வரும். அதாவது வைகாசி, ஆனி, ஆடியில் வெயில் விழுவது வடக்கு விறாந்தையில். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று புத்தகத்தை நம்பி வைத்தவரின் செடி அந்த மாதங்களில் கருகும், மார்கழியில் தெற்கு விறாந்தையில் இருப்பது கருகும். கிழக்கு விறாந்தைதான் தோது. எட்டு மணிவரை இளவெயில் படலாம், அதற்குப் பிறகு கிடுகுத் தட்டியோ நிழல்வலையோ. இலை மஞ்சளடித்தால் வெளிச்சம் கூட, கரும்பச்சையாகித் தொங்கினால் குறைவு. கட்டம் போட்ட இலைக்காரருக்கு டென்ரோபியத்துக்குக் கொடுப்பதில் பாதி வெளிச்சம்கூட வேண்டாம்.

வெக்கையைச் சமாளிக்க ஒரு வேலை செய்யலாம். பிளாஸ்ரிக் சாடியை அதைவிடப் பெரிய மண்சட்டிக்குள் இறக்கி இடைவெளியை மணலால் நிரப்பி, அந்த மணலை மட்டும் நனைத்து வையுங்கள், அதற்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். மண்சட்டி வியர்க்க வியர்க்க வேர்ப்பக்கம் குளிரும். சோளகம் வீசுகிற மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும், அதே காற்று நேரடியாகச் செடியில் அடித்தால் இலை காய்ந்துவிடும், ஆகவே மறைப்பு வேண்டும். பகலில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று போவதெல்லாம் மேற்சொன்ன வகைகளுக்குத் தாங்கும், வேர் ஈரமாகவும் காற்று ஓட்டமாகவும் இருந்தால்.

சாடிக்குள் போடுவதற்கு வெளிநாட்டுப் பைன் பட்டை தேடி அலைய வேண்டியதில்லை. காய்ந்த பொச்சுமட்டையை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, மழைநீரில் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றி, திரும்ப ஊறவைத்து, வடிகிற தண்ணீர் தேத்தண்ணி நிறம் போய் வெளிறும்வரை கழுவுங்கள். பொச்சுக்குள் இயல்பாகவே உப்பு இருக்கிறது, கடல்நீரில் ஊறிய மட்டை என்றால் தொடவே வேண்டாம். ஆறு பங்கு பொச்சு, இரண்டு பங்கு சிரட்டைக்கரி, ஒரு பங்கு உடைத்த ஓடு. செடியின் அடி அரை அங்குலம் உள்ளே போகும்படி நட வேண்டும், மேலே தூக்கி நட்டால் புது வேர் வெளியே வந்து காய்ந்துவிடும். சாடி சின்னதாக இருக்கட்டும். எங்கள் வெக்கையில் பொச்சு கெதியில் உக்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. உரம் போத்தலில் சொன்னதில் கால்வாசி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, மாதம் ஒரு தடவை வெறும் மழைநீரால் நன்றாக அலசிவிட வேண்டும். ஆட்டெரு, மாட்டெரு ஒன்றும் வேண்டாம்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றி, இலைகளின் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றால் பக்ரீரியா அழுகல் வரும், இரண்டு நாளில் குருத்து கையோடு வரும், நாறும். வந்துவிட்டால் அழுகிய பகுதியை நல்ல இடம்வரை வெட்டிக் கறுவாத்தூள் தடவிக் காயவிட வேண்டியதுதான். வெளிநாட்டுக்காரர் கடையில் தேடி வாங்குகிற கறுவா எங்கள் குசினியில் இருக்கிறது. வேரில் மட்டும் தூவாதீர்கள், அது வேரைக் காயவைக்கும். மார்கழி அடைமழையில் சாடிகளைக் கூரைக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.

பூ எப்போது வரும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு விசிறி, அதாவது ஒரு இலைக்கொத்து, முழுதாக வளர ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். வளர்ந்ததும் நடுவில் ஒரு பச்சை உறை தெரியும், அதற்குள்ளிருந்து மயிர் மூடிய தண்டு மெல்ல எழும். மொட்டு எழுந்த பிறகு சாடியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் பூ வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தைக் கோணிக்கொள்ளும். மொட்டு விரிய இரண்டு மூன்று நாள், முதலில் மேலிதழ் நிமிரும், பை சுருங்கிக் கிடந்து பிறகு ஊதிப் பெருக்கும். விரிந்தால் ஒன்றரை இரண்டு மாதம் அப்படியே நிற்கும், பிறகு வாடிச் சுருங்காமல் ஒரு காலையில் முழுப் பூவாகக் கீழே கிடக்கும். அந்த விசிறி இனிப் பூக்காது, வாழை மாதிரி, குட்டிதான் அடுத்தது. ஆனால் வாழையைத் தறிக்கிற மாதிரித் தாய் விசிறியைத் தறித்துவிடாதீர்கள், குட்டி வளரும்வரை சாப்பாடு கொடுப்பது அதுதான். இரண்டு குட்டி கண்டதும் பிரித்து ஆளுக்கொன்று கொடுக்கிற பழக்கமும் இதற்கு ஆகாது. மூன்று விசிறியாவது ஒன்றாக இருந்தால்தான் கெதியில் பூக்கும். கேட்ட சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

விலை கூட என்று கட்டுரையில் குறைப்பட்டிருந்தார்கள். காரணம் இருக்கிறது. டென்ரோபியத்தையும் பலனொப்சிஸையும் ஆய்வுகூடத்தில் ஒரு துணுக்குத் திசுவிலிருந்து ஆயிரக்கணக்கில் படியெடுக்கிறார்கள், செருப்பு ஓர்க்கிட் அந்த முறைக்கு இலேசில் இணங்குவதில்லை. அநேகமாக எல்லாமே விதையிலிருந்து வருபவை, விதையிலிருந்து முதற்பூவுக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம்வரை போகும், சில பெரிய இனங்களுக்கு அதற்கும் மேல். அந்த விதையும் தூசி. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை, காட்டில் ஒரு பூஞ்சணத்தின் உதவியோடுதான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சீனி கலந்த ஏகார் கூழில் பூஞ்சணம் இல்லாமலே ஓர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டிய பிறகுதான் ஆய்வுகூடப் போத்தலில் கன்று வளர்ப்பது பரவியது. அதனால் முகநூல் விளம்பரத்தில் நீலம், கறுப்பு, வானவில் நிறத்தில் செருப்பு ஓர்க்கிட் படம் போட்டு விதைப் பைக்கற் விற்கிறார்களே, அது பச்சைப் பொய். மண்ணில் தூவினால் முளைக்கிற ஓர்க்கிட் விதை என்று ஒன்று இல்லை, வருவது ஏதாவது புல்லாகத்தான் இருக்கும். நீலப் படங்கள் கணினியில் நிறம் மாற்றியவை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இதற்குக் காசு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இன்னொன்று, இது கொஞ்சம் சங்கடமான கதை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற சொந்தங்கள் ஆசையாகச் செடியை மண்ணுதறிச் சூட்கேசுக்குள் உடுப்போடு சுற்றிக்கொண்டு வருவது. செருப்பு ஓர்க்கிட்டுகளில் பாபியோபெடிலம் முழுவதையும் 1989இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தார்கள், இலங்கை 1979இலிருந்து அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. காட்டில் பிடுங்கியதை வணிகத்துக்குக் கொண்டுவரவே முடியாது, பண்ணையில் வளர்த்ததென்றாலும் அதற்குரிய பத்திரம் வேண்டும். அதற்கு மேல் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி செய்கிற நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் எந்தச் செடியும் வரக்கூடாது. கட்டுநாயக்காவில் பிடித்தால் செடியும் போய் மானமும் போகும். பிடிபடாமல் வந்தாலும், அங்கே கடையில் வடிவாகப் பூத்து நிற்பது பெரும்பாலும் குளிர் கேட்கிற கலப்பினம்தான், இங்கே திரும்பப் பூக்காது. முறையாகக் கொண்டுவர இலகுவான வழி ஆய்வுகூடப் போத்தலில் மூடிய நாற்றுகள். சைட்டிஸ் அவற்றுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, மேலே சொன்ன இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் எடுத்தால் சரி.

ஆனால் ஒரு போத்தலில் இருபது முப்பது நாற்று வரும், அதைத் தனியாள் வாங்கி வெளியே எடுத்துத் தேற்றுவது கஷ்டம். இங்கேதான் விவசாயத் திணைக்களத்தையும் கிளிநொச்சியில் இருக்கிற பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. மௌடியே வகையும் நிவியமும் கலோசமும் முறைப்படி போத்தலில் எடுப்பித்து, யாழ்ப்பாணத்து வெக்கையிலேயே தேற்றி, இரண்டு மூன்று அங்குலக் கன்றாக விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. அந்தூரியமும் டென்ரோபியமும் வளர்த்துப் பிழைக்கிற பெண்கள் வலிகாமத்தில் எத்தனையோ பேர், நிழல்வலைக் கூடாரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகத் தேவைப்படுவது மழைநீர்ப் பீப்பா ஒன்றுதான்.

பூங்கன்று விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சாடியில் ஒரு துண்டுச் சீட்டில் இனத்தின் பெயரை எழுதிக் குத்துங்கள். போன மாதம் ஒரு கடையில் இலையில் கட்டமே இல்லாத ஒன்றைக் காட்டி, இது எங்கள் வெயிலுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை பூக்கும் என்றார்கள். பெயர் கேட்டேன், ஓர்க்கிட் என்றார்கள். அது இன்சிக்னேயின் வழிவந்தது என்று இலையைப் பார்த்தாலே தெரிந்தது, விலை கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளையிடம் வாங்காதே என்று சொன்னதற்குக் கடைக்காரர் என்னை முறைத்தார். உங்கள் பத்திரிகையிலும் அடுத்த தடவை இந்தப் பக்கத்துக்குப் படம் போடும்போது படத்தில் இருக்கும் செடியின் பெயரையும், அது இங்கே பூக்குமா பூக்காதா என்பதையும் கீழே ஒரு வரியில் போடுங்கள். போன கட்டுரையின் படத்தில் இருந்தது மௌடியே. இங்கே சரிவராது என்று எழுதிய கட்டுரைக்கு, இங்கே நன்றாகப் பூக்கிற பூவின் படம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.